மின்னூல் வாசிப்பான் வாங்குவோர் செய்யும் தவறுகள்

மின்னூல் படிக்கத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கருவியை வாங்கலாம் என்பதுதான். எந்த நூல்களைப் படிக்கப் போகிறீர்கள், அவை எந்தக் கோப்பு வடிவில் கிடைக்கின்றன என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலோரிடம் விடை இருப்பதில்லை. கருவியை வாங்கிவிட்டு அதற்கேற்ற நூல்களைத் தேடி அலைவதே இத்துறையில் நடக்கும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

நானும் இதற்கு விலக்கல்ல. ஆறு அங்குல மின்மைத் (இ-இங்க்) திரை கொண்ட வாசிப்பானை ஆசையோடு வாங்கி, அன்று இரவே பழைய பதிப்புகளின் ஒளிவருடிய (ஸ்கேன் செய்த) பிடிஎஃப் கோப்புகள் இருபதை அதில் ஏற்றினேன். முதல் பக்கத்தைத் திறந்ததும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படிப்பது போல இருந்தது. காரணம் எளிய கணக்குதான். அத்திரையின் அகலம் ஏறத்தாழ 9 செ.மீ.; ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. பக்கம் முழுவதும் திரைக்குள் அடங்க வேண்டுமானால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். ஏறத்தாழ 12 செ.மீ. அகலமுள்ள கிரவுன் அளவு நூலாக இருந்து, ஓரங்களில் உள்ள வெற்றிடத்தையும் வெட்டிவிட்டால் ஓரளவு படிக்கலாம். அதைவிடப் பெரிய டெம்மி அளவென்றால் கண் வலிக்கத் தொடங்கும். ஏ4 என்றால் கைவிடுவதே நல்லது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டிவைத்திருக்கும் நூலகம் தளத்திலும் உள்ளவற்றில் மிகப் பெரும்பான்மை ஒளிவருடல்களே ஆகையால், அவற்றையே நாடுபவர் பத்து அங்குலத்துக்குக் குறையாத திரையைப் பார்ப்பது நல்லது.

பிடிஎஃப் மோசமான வடிவம் என்று இதற்குப் பொருளில்லை. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே 1993-இல் அடோபி நிறுவனம் அதை வெளியிட்டது. மாறாத பக்கமே அதன் நோக்கம். ஈபப் என்ற மின்னூல் வடிவம் இதற்கு நேர்மாறானது. ஒரு ஈபப் கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தால், உள்ளே வலைப்பக்கங்களைப் போன்ற சிறு கோப்புகள் அத்தியாயம் அத்தியாயமாக இருப்பதைக் காணலாம். அதனால்தான் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து திரையின் அகலத்துக்கு ஏற்ப அமைகின்றன. கதை, கட்டுரை போன்ற நூல்களுக்கு ஈபப் கிடைக்கும்போது பிடிஎஃபைத் தேர்ந்தெடுப்பது வீண்.

பிடிஎஃப் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவது அடுத்த தவறு. சில கோப்புகளில் இருப்பது பக்கத்தின் படம். சிலவற்றில் இருப்பது எழுத்து. வேறு சிலவற்றில் இருப்பது எழுத்துப் போலத் தோன்றும் வேறொன்று. கோப்பில் ஒரு சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுத்த பாமினி எழுத்துருவில் உருவாக்கிய பழைய கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்தால் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் வந்து விழும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அக்கோப்பில் சொல்லைத் தேடவும் முடியாது, அகராதியில் பொருள் பார்க்கவும் முடியாது. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் தொடக்கத்தில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய குறியாக்கங்களில்தான் வந்தன. இன்று அவை ஒருங்குறியில் கிடைக்கும்போது, எப்போதோ பதிவிறக்கி வைத்த பழைய கோப்பையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

இத்தகைய பிடிஎஃபைக் காலிபர் மென்பொருளில் போட்டு ஈபப் ஆக மாற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. காலிபர் அருமையான மென்பொருள்தான், இலவசமும்கூட. ஆனால் பிடிஎஃபிலிருந்து மாற்றும்போது பக்க எண்ணும் பக்கத் தலைப்பும் பத்தியின் நடுவே புகுந்துகொள்ளும், வரிகள் கண்ட இடத்தில் முறியும். படமாக உள்ள பக்கத்தை எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் கொண்டு எழுத்தாக்கினாலோ, ‘ர’ என்பது துணைக்காலாகவும் துணைக்கால் ‘ர’ ஆகவும் இடம் மாறும். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் யானையின் துதிக்கை போல வளைந்த ணை, லை, ளை, னை வருமிடங்களில் அது இன்னும் அதிகமாகத் தடுமாறும். மெய்ப்புப் பார்க்கப் பொறுமை இல்லாதவர் படத்தைப் படமாகவே படிப்பது மேல்.

கடையில் ஆங்கில நூலைத் திறந்து காட்டி விற்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். தமிழ் சரியாக வருகிறதா என்று பார்க்காமல் வாங்குவது பெருந்தவறு. ஒருங்குறியில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னர் சேமிக்கப்பட்டு, திரையில் முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த வேலையைச் சரியாகச் செய்யாத பழைய கருவிகளிலும் சில செயலிகளிலும் ‘கொடி’ என்ற சொல்லின் கொம்பு பின்னால் தொங்கும், அல்லது வெறும் கட்டங்கள் தெரியும். ‘கொக்கு’, ‘பௌர்ணமி’, ‘ஸ்ரீ’ ஆகிய மூன்று சொற்கள் உள்ள ஒரு கோப்பைத் திறந்து பார்த்தாலே போதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், சிறு திரையில் பெரிய எழுத்தும் இருபுறச் சீரமைப்பும் சேர்ந்தால் சொற்களுக்கிடையே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். இடப்புறச் சீரமைப்பு உள்ள கருவியா என்றும் பார்த்துக்கொள்ளலாம். செய்யுள் படிப்பவர் திரையைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொண்டால் நாற்சீர் அடி முறியாமல் நிற்கும்.

கோப்பு வடிவங்களில் மொபியை இன்னும் தேடிச் சேர்ப்பவர்களைப் பார்க்கிறேன். மொபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தை அமேசான் 2005-இல் வாங்கியதால் அதன் கிண்டில் வாசிப்பானுக்கு வந்த வடிவம் அது. கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் சேவை 2022-இல் ஈபப் கோப்புகளை ஏற்கத் தொடங்கி, பின்னர் மொபியைக் கைவிட்டது. ஆனால் ஈபப் கோப்பைக் கம்பி வழியாக நேரடியாகக் கிண்டிலில் இட்டால் அது நூற்பட்டியலில் தோன்றாது. அந்தச் சேவை வழியாக அனுப்ப வேண்டும், அல்லது காலிபரில் மாற்றிக்கொள்ள வேண்டும். கருவி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவரும் உண்டு! கோபோ கருவிகள் ஈபபை அப்படியே படிக்கும். கட்டற்ற தமிழ் மின்னூல்களை வெளியிடும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஈபப், மொபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குலப் பிடிஎஃப் என நான்கும் தருகிறது. அங்கே எதை எடுப்பது என்று தயங்குபவர் ஈபபை எடுக்கலாம்.

பணம் கொடுத்து வாங்கிய மின்னூல் அச்சு நூலைப் போல நமக்கே சொந்தம் என்று கருதுவதும் தவறு. நகலெடுக்க முடியாதபடி பூட்டிட்ட கோப்பு பெரும்பாலும் விற்ற கடையின் கருவியிலும் செயலியிலும் மட்டுமே திறக்கும். மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019-இல் மூடியபோது, வாங்கியவர்களின் நூல்கள் திறக்காமல் போயின; பணம் திரும்பக் கிடைத்தது, நூல் கிடைக்கவில்லை. கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினியில் பதிவிறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. கிண்டிலில் மட்டுமே வெளிவரும் தமிழ் நூல்கள் உள்ளதால், இதற்காக வாங்காமலே இருக்க முடியாது. பூட்டில்லாமல் கிடைக்கும் நூல்களின் மூலக் கோப்பையாவது கருவியில் மட்டும் விட்டுவைக்காமல் கணினியிலும் ஒரு படி வைத்துக்கொள்ளலாம்.

சேமிப்பிடம் பற்றிய கவலை பெரும்பாலும் தேவையற்றது. படங்கள் இல்லாத ஈபப் பெரும்பாலும் ஒரு மெகாபைட்டைத் தாண்டாது. பல பத்து மெகாபைட் பிடிப்பவை ஒளிவருடல்கள்தாம். வண்ண மின்மைத் திரையை நாடுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கறுப்பு வெள்ளையில் அங்குலத்துக்கு 300 படப்புள்ளி காட்டும் திரை, வண்ணத்தில் பெரும்பாலும் 150 மட்டுமே காட்டும். பிள்ளைகளின் வண்ணப் பாடநூல் பிடிஎஃபுக்காக வாங்குவதானால் சாதாரணக் கைக்கணினியே (டேப்லெட்) பொருத்தமானது.

அன்று நான் ஏற்றிய இருபது கோப்புகளும் இப்போது பத்து அங்குலக் கைக்கணினியில் இருக்கின்றன. ஆறு அங்குல வாசிப்பானில் ஈபப் தவிர எதையும் ஏற்றுவதில்லை. பேருந்தில் சன்னலோர வெயிலில் அமர்ந்து படிக்க அதுதான் வசதியாக இருக்கிறது.