ஸ்னோமொபைல் சீட்டின் அடித்தட்டு விரிசல்: நான் சரிசெய்த விதம்

கனடாவின் ஒன்டாரியோ குளிரில் பல வருடம் ஓடிய பழைய ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி) அது. சீட்டின் பிளாஸ்டிக் அடித்தட்டில் விரிசல்; பின்பக்க போல்ட் துளை கிழிந்தே போயிருந்தது. புது அடித்தட்டு எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

முதலில் அது என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். அடியில் 'பி.இ.' என்று அச்சு இருந்தது. ஒரு சீவலைத் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. சரி, பாலிஎத்திலீன்தான். இதில் எப்பாக்ஸியோ சூப்பர் க்ளூவோ நிற்காது, உரிந்து வந்துவிடும். உருக்கித்தான் இணைக்க வேண்டும்.

உறையையும் ஸ்பாஞ்சையும் கழற்றிவிட்டு, விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போட்டேன். விரிசல் மேற்கொண்டு ஓடாமல் தடுப்பது இதுதான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அப்புறம் விரிசல் நெடுக 'வி' வடிவப் பள்ளம் சீவி, சால்டரிங் அயர்னால் ஸ்டெயின்லெஸ் கம்பிவலையைச் சூடாக்கி உள்ளே பதித்தேன். அதன்மேல் பாலிஎத்திலீன் குச்சியையே உருக்கி நிரப்பினேன். (ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்தப் புகை நல்லதல்ல.)

கிழிந்த துளைக்கு இது மட்டும் போதாது. சீட்டின் இழுப்பெல்லாம் அங்கேதான் விழுகிறது. இருபுறமும் அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்தேன்.

ஸ்பாஞ்ச் நன்றாகக் காய்ந்த பிறகே உறையை மாட்டினேன். அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிள் பின் வாங்குங்கள், தட்டின் கனத்தைவிடக் குட்டையானதாக.