பேஸ் கிடாரும் பாஸ் மீனும்: ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டுவது எப்படி?

முதன்முதலாக ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போய் "பாஸ் கிடார் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்காமல் "பேஸ் கிடார்தானே?" என்று திருத்தினார். பி, ஏ, இரண்டு எஸ். கிளாஸ், பாஸ் மார்க் எல்லாம் இதே மாதிரி எழுதி 'ஆஸ்' என்று முடிகிறபோது இது மட்டும் ஏன் பேஸ்? அன்றைக்குத் தேட ஆரம்பித்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எழுத்தை மறந்துவிட்டு ஒலியைப் பிடியுங்கள். பெரிய ஆங்கில அகராதியில் இந்த எழுத்துகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கும், ஒவ்வொன்றின் உச்சரிப்பையும் கேளுங்கள். பேஸ் கிடாரில் வருகிற, அடிக்குரலுக்கான சொல் 'கோர்ட் கேஸ்' என்பதில் வரும் ஒலி. இதே எழுத்துகளில் ஒரு வகை மீனுக்கும் பெயர் உண்டு, அந்தச் சொல் 'கேஸ் சிலிண்டர்' என்று சொல்லும்போது வாயை அகலமாகத் திறக்கிறோமே, அந்த ஒலி. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதினாலும் காது குழம்புவதில்லை, பாருங்கள். இந்தக் கட்டுரைக்காக மீனைப் 'பாஸ்' என்றே எழுதுகிறேன்.

இரண்டாம் படி: ஒலி வேறு என்றால் வேரும் வேறாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். இங்கே அது சரி. மீனின் பெயர் பழைய ஆங்கிலத்தில் 'பார்ஸ்' போல ஒலித்தது, நடுவில் ர் இருந்தது, பிறகு தேய்ந்து போனது. ஜெர்மனில் இன்னும் 'பார்ஷ்' என்கிறார்கள். முள் போல விறைத்த மயிரைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததாம். முதுகுத் துடுப்பைத் தொட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

மூன்றாம் படிதான் சுவையானது: நம் கிடாரின் 'பேஸ்' என்ற சொல்லைப் பின்னோக்கித் துரத்துவது. பிற்கால லத்தீனில் 'பாஸுஸ்' என்றால் தாழ்ந்த, குட்டையான. அது பழைய பிரெஞ்சில் 'பாஸ்' ஆகி ஆங்கிலத்துக்கு வந்து, இழிவான என்ற பொருளில் இன்றும் இருக்கும் 'பேஸ்' ஆனது (அதை முடிவில் ஒரு எஸ், ஒரு ஈ போட்டு எழுதுவார்கள்). 15ஆம் நூற்றாண்டில் இசையின் மிகத் தாழ்ந்த பகுதிக்கும் இதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். பிற்பாடு இசைக்காரர்கள் இத்தாலிய 'பாஸ்ஸோ'வைப் பார்த்து எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள், வாயில் பழைய ஒலியே தங்கிவிட்டது. எழுத்து இத்தாலிக்காரன், குரல் உள்ளூர்க்காரன். நான் கடையில் வழுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

நான்காம் படி: சொந்தக்காரர்களைச் சரிபாருங்கள். 'தாழ்வு' என்ற பொருள் பொருந்துகிறதா என்பதே சோதனை. பஸ்ஸூன் தாழ்ந்த சுரத்தில் ஒலிக்கும் ஊதுகருவி, சரி. பாசெட் ஹவுண்ட் குட்டைக்கால் நாய், அதுவும் சரி. ஆனால் அடித்தளம் என்ற பொருளிலுள்ள பேஸ், அதே ஒலி, ஏறக்குறைய அதே பொருள், அப்படியிருந்தும் உறவில்லை! அது கிரேக்க 'பாசிஸ்' வழி வந்தது, அதற்குக் காலடி வைப்பது, நிற்கும் இடம் என்று பொருள். நாமும் அடி என்ற ஒரே சொல்லில் பாதத்தையும் கீழ்ப்பகுதியையும் சொல்கிறோம், அடிக்குரல் என்கிறோம், அதனால் இரண்டையும் ஒன்றாக்கிவிட மனம் இழுக்கும். இழுத்தால் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: பொருளைக் காதால் உறுதிசெய்யுங்கள். நான்கு தந்தி பேஸ் கிடாரில் தடித்த தந்தியை மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். சாதாரண கிடாரின் தடித்த தந்தியில் 82, அதாவது இரு மடங்கு, சரியாக ஒரு ஸ்தாயி மேலே. சின்ன போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். நல்ல ஹெட்போன் போதும்.

அப்புறம் ஒரு சின்ன வீட்டுப்பாடம். அமெரிக்காவில் 'பாஸ்வுட்' என்றொரு மரம் உண்டு. அந்தப் பெயர் மீனிலிருந்தும் வரவில்லை, குரலிலிருந்தும் வரவில்லை. உட்பட்டை நாரைக் குறிக்கும் 'பாஸ்ட்' என்ற சொல் கடைசி ட்-ஐ இழந்து அப்படி ஆனது. லேசான மரம் என்பதால் எலெக்ட்ரிக் கிடார்களின் உடலை அதில் செய்கிறார்கள், பேஸ் கிடார்களையும்தான். அப்படி ஒன்று கையில் கிடைத்தால், கிடாரைப் பேஸ் என்றும் கட்டையைப் பாஸ் என்றும் சொல்லிப் பழகுங்கள்.