நம்ம செட்டிநாட்டுக் காட்டுல நல்ல போட்டோ எடுக்குறது எப்படி

காட்டை போட்டோ எடுக்கணும்னா ஊட்டி, வால்பாறைதான் போகணும்னு நம்ம பக்கம் நிறைய பேர் நினைக்கிறாங்க. காரைக்குடியில இருந்து பைக்கை எடுத்தா ஐயனார் கோயில்காடு எத்தனை இருக்கு, சிங்கம்புணரி தாண்டுனா பிரான்மலை இருக்கு, திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி இருக்கு. ஆனா நம்ம காட்டை எடுக்குற முறையே வேற, மலைக்காட்டுக்கு சொல்ற டிப்ஸ் எல்லாம் இங்க அப்படியே செல்லாது.

முதல்ல வெளிச்சம். நம்ம ஊர் வெயில் பத்து மணிக்கே சுள்ளுன்னு ஏறிடும், அதுக்கப்புறம் காட்டுக்குள்ள எடுத்தா பாதி இலை வெள்ளையா வெளுத்து பாதி மரம் கன்னங்கரேல்னு வரும், எந்த போனும் எந்த கேமராவும் அதை சரி பண்ணாது. மார்கழி தை மாசம் ஆறரை வாக்குல சூரியன் வரும், ஆறு மணிக்கே நீங்க காட்டு ஓரத்துல நிக்கணும். பனி லேசா இறங்கி இருக்கும், காத்து இருக்காது, இலை ஆடாது, சிலந்தி வலையில தண்ணி கோத்து நிக்கும். அதிகபட்சம் ஒரு ஒண்ணரை மணி நேரம்தான் அந்த வெளிச்சம். ஐப்பசி கார்த்திகை அடைமழை சமயத்துல மட்டும் நாள் பூரா எடுக்கலாம், மேகம் மூடி இருந்தா வெளிச்சம் எல்லா பக்கமும் சமமா பரவும், நனைஞ்ச மரப்பட்டை நிறம் நல்லா ஏறி நிக்கும், செம்மண் ரத்தச் சிவப்பா இருக்கும். என்னைக் கேட்டா வருஷத்துலயே நல்ல சீசன் அதுதான்.

அடுத்தது ஃபிரேம். நம்ம காடு உயரம் கம்மி, நெருக்கம் அதிகம். முள்ளு, கொடி, புதர் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும், வைட்ல வச்சு மொத்த காட்டையும் எடுத்தீங்கன்னா பாக்குறவங்களுக்கு எங்க பாக்குறதுன்னே தெரியாது. அதனால ஒரே ஒரு மரத்தைப் பிடிங்க. கோயில்காட்டுல வீரை மரம் பாத்திருப்பீங்க, அடிமரம் உருண்டையா இருக்காது, பள்ளம் பள்ளமா வாங்கி, முறுக்கி, சாம்பல் வெள்ளையா நிக்கும். அதுக்கு நேரா வெளிச்சம் பட்டா ஒண்ணும் தெரியாது, சூரியன் உங்களுக்கு இடது பக்கமோ வலது பக்கமோ இருக்குற மாதிரி சுத்தி வந்து நில்லுங்க, அந்த ஒவ்வொரு பள்ளத்துலயும் நிழல் விழுந்து மரத்தோட வயசே தெரியும். போன்ல 2 எக்ஸ் இல்ல 3 எக்ஸ் வச்சு கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க, கேமராவா இருந்தா 70, 85 எம்எம் மாதிரி லென்ஸ், பின்னாடி இருக்குற மரங்க நெருங்கி வந்து காடு அடர்த்தியா தெரியும்.

இன்னொண்ணு, இலைக்கு நடுவுல வானம் ஓட்டை ஓட்டையா வெள்ளையா தெரியும்ல, அதை முடிஞ்சவரை ஃபிரேம்ல விடாதீங்க. கண்ணு நேரா அந்த வெள்ளைக்குத்தான் போகும். கேமராவை கொஞ்சம் கீழ இறக்குங்க, இல்ல ஒரு அடி நகர்ந்து மரத்தை வச்சு அதை மறைச்சிடுங்க. எடுக்குறதுக்கு முன்னாடி ஃபிரேமோட நாலு ஓரத்தையும் ஒரு தடவை கண்ணால சுத்திப் பாருங்க, நீட்டிக்கிட்டு நிக்கிற முள்ளுக்கிளை, பாலித்தீன் பை எல்லாம் அப்பதான் கண்ணுல படும்.

செட்டிங்ஸ் ரொம்ப யோசிக்க வேணாம். இருட்டான காட்டைப் பாத்தா கேமரா தானா வெளிச்சத்தை ஏத்திடும், காலைக் காடு பட்டப்பகல் மாதிரி ஆயிடும், அதனால எக்ஸ்போஷரை, அதாவது படத்துல பதியுற வெளிச்சத்தை, அரை ஸ்டாப்ல இருந்து ஒரு ஸ்டாப் வரை குறைங்க (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதியாகும்). போன்ல மரத்துமேல விரலை அழுத்திப் பிடிச்சா லாக் ஆகும், அப்படியே கீழ இழுத்தா குறையும். கேமராவுல லென்ஸ் திறப்பு எஃப் 8, கேமரா சுருக்காம அப்படியே தர்ற ரா ஃபைல், நிறத்தை சரி பண்ற ஒயிட் பேலன்ஸ் ஆட்டோ வேணாம் டேலைட்ல வைங்க, ஆட்டோ அந்த காலை மஞ்சளை எடுத்துட்டு சப்புன்னு ஆக்கிடும். காசு செலவு பண்றதா இருந்தா முதல்ல லென்ஸ் முன்னாடி மாட்டுற போலரைசர் ஃபில்டர் ஒண்ணு வாங்குங்க, மழை பெஞ்ச இலை பளபளன்னு வெள்ளையா மின்னும்ல, ஃபில்டரை திருகினா அந்த பளபளப்பு போய் உள்ள இருக்குற பச்சை வரும். ஒரு ஸ்டாப்புக்கு மேல வெளிச்சம் குறையும், அப்ப டிரைபாட் வேணும்.

சீமைக்கருவேலை பாத்து முகம் சுளிக்காதீங்க. சூரியனை அதுக்குப் பின்னாடி வச்சு எடுத்துப் பாருங்க, அந்த பொடி இலை எல்லாம் ஓரத்துல ஒளி கட்டி நிக்கும், சாயங்காலம் ஆடு போற பாதையில செம்புழுதி கிளம்புற நேரமா பாத்து எடுத்தா வெளிச்சம் கோடு கோடா இறங்கும்.

முதல் மழை விழுந்த மறுநாள் காலையில தரையைப் பாத்து நடங்க. சிவப்பு வெல்வெட் மாதிரி பட்டுப்பூச்சி செம்மண்ல ஊர்ந்து போகும், படுத்துக்கிட்டு அது கண் மட்டத்துக்கு கேமராவை இறக்கி எடுங்க. மேல இருந்து எடுத்தா சும்மா ஒரு சிவப்புப் புள்ளிதான்.

கோயில்காட்டுக்குப் போனா முதல்ல பூசாரியையோ ஊர்ல பெரியவங்களையோ பாருங்க. "அண்ணே, காட்டை மட்டும் ரெண்டு படம் எடுத்துக்கிறேன், சாமியை எடுக்கல"ன்னு கேட்டா பெரும்பாலும், "செருப்பைக் கழட்டிட்டுப் போப்பா, குச்சி எதையும் ஒடிச்சிடாத"ன்னுதான் சொல்லுவாங்க. அந்த வார்த்தையை மதிங்க, காஞ்ச சுள்ளியைக்கூட எடுக்காம ஊர்க்காரங்க காத்ததாலதான் அந்தக் காடு இன்னும் நிக்குது. ஐயனாருக்கு மண்குதிரை எடுத்து வைக்கிற புரவி எடுப்பு திருவிழாவுல கொண்டாந்து வச்ச குதிரைங்க வரிசையா இருக்கும், பழசுல பாசி படிஞ்சு வேர் சுத்தி இருக்கும், குதிரை முகத்துல ஃபோகஸ் வச்சு காட்டை பின்னாடி மங்கலா விட்டுப் பாருங்க. நம்ம காட்டை நம்ம காடுன்னு காட்டுறது அந்த மாதிரி படம்தான். எடுக்க வேணாம்னு சொன்னா கேமராவை பையில போட்டுட்டு வந்துடுங்க.

ரிசர்வ் காடுன்னா வனத்துறை அனுமதி வாங்காம நுழையக்கூடாது, 1882 வனச்சட்டத்துலயே அது குற்றம். வேட்டங்குடி 1977ல இருந்து பறவைகள் சரணாலயம், அங்க இருக்குற கொள்ளுக்குடிப்பட்டி ஊர் ஜனங்க பறவை பயந்துடும்னு தீபாவளிக்கே வெடி போடுறதில்ல, அங்க போய் நத்தைகுத்தி நாரை பறக்கட்டும்னு கை தட்டுறது, கல் எறியறது ரொம்ப தப்பு. ஃபிளாஷ் வேணவே வேணாம். கண்மாய்க் கரையில நின்னு, பறவை தானா எழும்புறவரை காத்திருங்க.

வீட்டுக்கு வந்து எடிட் பண்ணும்போது பச்சையை ஏத்தாதீங்க, நம்ம காட்டுப் பச்சை கொஞ்சம் சாம்பல் கலந்த பச்சை, ஏத்தினா பிளாஸ்டிக் ஆயிடும். செம்மண்ணும் அப்படித்தான், சாச்சுரேஷன் (நிறத்தோட அழுத்தம்) கொஞ்சம் கூடினாலே ஆரஞ்சுக்குப் போயிடும். போஸ்ட் போடும்போது கூடு, குஞ்சு இருக்குற படமா இருந்தா லொகேஷனை ஆஃப் பண்ணிட்டு போடுங்க.