நோட்டில் இரண்டு 'தென்கி'

திருவாரூர்ப் பக்கம் தமிழை மட்டுமே பேசி வளர்ந்தவன் நான். 36 வயதில் நகோயாவில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி, இரவில் உருப்போட்டேன்.

ஒரு மாலை மேற்பார்வையாளர் ஏதோ சொன்னார். 'தென்கி' மட்டும் காதில் விழுந்தது. என் நோட்டில் தென்கி என்றால் வானிலை. சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "மழை இல்லை" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய் விளக்கை அணைத்தார்.

நோட்டைப் புரட்டினால், நான்கு பக்கம் தள்ளி இன்னொரு 'தென்கி': மின்சாரம், விளக்கு. வானிலை tenki, விளக்கு denki; தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தங்கமும் (kin) வெள்ளியும்கூட (gin) அதில் ஒரே 'கின்' தான்! நமக்கு ஒரே 'த', ஒரே 'க' போதும். சொல்லில் அது நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடும். ஜப்பானிய மொழியில் அந்த ஒலி வேறுபாட்டிலேயே பொருள் மாறிவிடுகிறது.

நோட்டைத் தூக்கிப் போட்டேன். ஜப்பானியரின் அடிப்படை எழுத்து முறையான ஹிரகானாவின் 46 எழுத்துகளை மூன்று வாரத்தில் கற்றேன். அதில் சில எழுத்துகளின் வலது தோளில் இரண்டு சிறு கோடுகள் போட்டால் ஒலி மென்மையாகிவிடும். பிறகு இத்தகைய இரட்டைச் சொற்களைத் தேடிப்பிடித்து, பதிவுகளைக் கேட்டு, எது எது என்று கண்ணை மூடிச் சொல்லிப் பழகினேன். முதல் வாரம் பாதிக்குப் பாதி தவறு. இரண்டு மாதத்தில் காது பிடித்துக்கொண்டது.

குறில் நெடில் மட்டும் எனக்கு இலவசம். ஒபசன் அத்தை, ஒபாசன் பாட்டி. வகுப்பில் மற்றவர்கள் அங்கே தடுமாறியபோது கொஞ்சம் கர்வமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.