யாழ்ப்பாணத்தில் குறைந்த வாடகைக்கு வீடு தேடுவது எப்படி?

வாடகை குறைந்த வீடு எல்லாம் செலவு குறைந்த வீடு அல்ல. தண்ணீர், மின்சாரம், பஸ் செலவு மூன்றையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் உங்கள் எல்லை. அதை எழுதிவைத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள்.

1. இடம்

திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் பல்கலைக்கழக மாணவர்களும் அறை தேடுவதால் போட்டி அதிகம். பஸ் ஓடும் வீதியைப் பிடித்து வெளியே நகருங்கள். காங்கேசன்துறை வீதியில் இணுவில், பலாலி வீதியில் உரும்பிராய், மானிப்பாய் வீதியில் ஆனைக்கோட்டை என்று பார்க்கலாம். வீதியிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு இருக்க வேண்டும். தினமும் ஓட்டோ பிடிக்க நேர்ந்தால் மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே போய்விடும்.

2. விசாரிப்பு

உதயன், வலம்புரி பத்திரிகைகளின் விளம்பரங்களைப் பாருங்கள். ஆனால் முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கத் தயங்கும் வீட்டுக்காரர்கள் விளம்பரம் போடுவதில்லை. ஒழுங்கைக் கடையிலும் சனசமூக நிலையத்திலும் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை பேர் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் நல்லூர்ப் பக்கம் தேட வேண்டாம்.

3. பார்வையிடல்

கிணற்றிலிருந்து தொடங்குங்கள். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டுக்குச் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே ஆதாரம். சில கிணறுகள் கோடையில் உவர்க்கும். அயல்வீட்டு அம்மாவிடம் கேட்டால் உள்ளபடி சொல்வார். மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். குழியிலிருந்தும் தோட்டத்து உரத்திலிருந்தும் தண்ணீரில் இறங்கும் நைத்திரேற்று என்ற இரசாயனம் கொதிக்கவைத்தாலும் போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் ஆபத்தானது. கைக்குழந்தை உள்ளவர்கள் இதில் எந்த விட்டுக்கொடுப்பும் செய்யக் கூடாது.

அடுத்தது மின்மானி. அனெக்ஸ் (வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி) வீடுகளில் பெரும்பாலும் வீட்டுக்காரருடன் ஒரே மின்மானிதான். இலங்கையில் அலகு கூடக் கூட, அலகொன்றின் விலையும் ஏறும். மாதம் 60 அலகைத் தாண்டினால் வேறு கட்டண வரிசை. இரண்டு குடும்பத்துப் பாவனை ஒன்றாகச் சேரும்போது, சிக்கனமாக இருப்பவரும் கூடிய விலை கொடுக்க நேரிடும். தனி மின்மானி உள்ள வீட்டுக்குச் சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாலும் நட்டமில்லை. இல்லையென்றால், பங்கு பிரிக்கும் முறையை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

சுவரின் அடிப்பகுதியில் நீர்க்கறை தெரிகிறதா? ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெள்ளம் ஏறும் வீடாக இருக்கலாம்.

4. எழுத்து

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், திறப்பு வைத்திருப்பவரிடம் அற்றோணித் தத்துவம் (உரிமையாளர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) உள்ளதா என்று மரியாதையாகக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். அது திரும்பக் கிடைக்கும் விதம், வாடகை கூட்டும் காலம், வெளியேற முன் அறிவிக்க வேண்டிய காலம் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

குடிபுகுந்ததும் கிராம அலுவலரிடம் பதிந்துகொள்ளுங்கள். வதிவிடச் சான்றுக்கு அவரிடம்தான் போக வேண்டும்.