புத்தகத்தைக் காத்த நூலகரைப் பாராட்டுவது எப்படி? நீலகிரி வாசகர் வட்டங்களுக்கு

தமிழக அரசின் நல்நூலகர் விருது நூலகப் பணி முழுவதற்கும் உரியது. "இந்தப் புத்தகத்தை எடுத்துடுங்க" என்று ஒருவர் வந்து நிற்கும்போது, முறையாகப் பதில் சொல்லிப் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்திருந்தவருக்குத் தனியாக ஒரு பாராட்டு வைக்க நினைக்கும் வாசகர் வட்டங்களுக்கு இந்தக் குறிப்பு. அமெரிக்காவில் இதற்கென்றே 1969-இல் இலினாய் பல்கலைக்கழகம், நூலகர் ராபர்ட் டவுன்ஸ் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. ஊட்டியிலோ கூடலூரிலோ இதைச் செய்யப் பெரிய பணம் வேண்டாம். ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேலை.

மேடையில் முழங்குபவரை விட்டுவிடுங்கள். கிளை நூலகர், சொற்ப ஊதியத்தில் பகுதி நேர நூலகத்தைத் திறந்து வைப்பவர், பள்ளி நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் ஆசிரியர், தோட்டக் குடியிருப்பில் படிப்பகம் நடத்துபவர் என்று தேடிப் போங்கள்.

தணிக்கை பெரும்பாலும் உத்தரவாக வராது. புத்தகம் பூட்டிய பீரோவுக்குள் போகும். "பைண்டிங்குக்குப் போயிருக்கு" என்ற பதில் வருடக்கணக்கில் வரும். மலையில் இன்னொரு காரணமும் கைவசம் உண்டு: பூஞ்சை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் மழை விடாது. அட்டை உப்பி, தாளில் கறுப்புப் புள்ளி விழுந்த புத்தகத்தைக் கழிப்பதில் தப்பே இல்லை. நிஜமா சாக்கா என்று தெரிய, கழிவுப் பட்டியலை வாங்கி, அதே தட்டில் பக்கத்தில் இருந்தவையும் கழிந்தனவா என்று பாருங்கள். பூஞ்சை ஆசிரியர் பெயர் பார்த்துப் பிடிக்காது. காக்கப்பட்டதாகச் சொல்லும் புத்தகத்தையும் கையில் எடுத்து, உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டைப் பாருங்கள். புகாருக்குப் பிறகும் முத்திரை விழுந்திருந்தால் அது புழக்கத்தில் இருந்திருக்கிறது. விழவில்லை என்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம், யாரும் கேட்காமலும் இருந்திருக்கலாம். எந்தத் தட்டில் இருந்தது என்று விசாரியுங்கள்.

தேர்வுக் குழுவுக்குக் கொஞ்சம் சட்டமும் தெரிய வேண்டும். ஒரு நூலைப் பறிமுதல் செய்ய அறிவிக்கை வெளியிடும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-ஆம் பிரிவு அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 95. அந்த அறிவிக்கையை எதிர்ப்பவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அப்படி அறிவிக்கை உள்ள நூலைக் காத்ததற்காக விருது கொடுத்தால், வாங்குபவரைத்தான் மாட்டிவிடுவீர்கள். அறிவிக்கை எதுவும் இல்லாமல், ஒரு பிரமுகர் போனில் சொன்னதற்காக எடுக்க மறுத்தவரே உங்கள் ஆள். பாராட்டுரைக்கு மேற்கோள் தேவையென்றால், ஒரு தமிழ் நாவல் தொடர்பான வழக்கில் 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் புரட்டுங்கள். எந்த நூலையும் படித்தே ஆக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்று அதில் இருக்கிறது.

பரிந்துரைப் படிவம் ஒரே பக்கம் போதும்: என்ன புத்தகம், ஆட்சேபம் எழுத்தில் வந்ததா வாய்மொழியா, என்ன பதில் தரப்பட்டது, புத்தகம் இப்போது எங்கே. கூடவே கடித நகல், பதிவேட்டுப் பக்கத்தின் போட்டோ என்று இரண்டு சான்று. நடுவர் மூவரில் ஒருவராவது சமவெளிக்காரராக இருக்கட்டும். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். நடுவர்கள் தங்கள் கொள்கைக்கு ஒத்த புத்தகத்தைக் காத்தவரையே தேர்ந்தெடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. அதைத் தடுக்க, தனக்கே பிடிக்காத புத்தகத்தைக் காத்தவருக்கு அதிக மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பெயரை அறிவிக்கும் முன் சம்மதம் கேளுங்கள். அரசு ஊழியர் என்றால் பாராட்டோ பணமோ ஏற்பதற்கு முன் அனுமதி தேவைப்படலாம், மாவட்ட நூலக அலுவலர் வழியாக எழுதிக் கேட்கட்டும். இடமாற்றத்துக்குப் பயந்து மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள். பெயர் சொல்லாமல் அவருடைய நூலகத்துக்குப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தாலும் பாராட்டுதான். ஆட்சேபித்தவர் பெயரைப் பாராட்டுரையில் எழுதவே கூடாது. மறுநாள் காலை இருவரும் ஒரே டீக்கடையில் நிற்பார்கள், அணைந்த சண்டை மறுபடி பற்றிக்கொள்ளும்.

இந்திய நூலகத் துறையின் முன்னோடி எஸ்.ஆர். அரங்கநாதன் பிறந்த நாளான ஆகஸ்ட் 12 நூலகர் தினம், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். முன்னதில் கூடலூரில் மழை, பின்னதில் குன்னூர், கோத்தகிரி சாலையில் மண் சரியும். எனவே ஆகஸ்டில் அறிவித்துவிட்டு, விழாவை பிப்ரவரியில் பகல் இரண்டு மணிக்கு வையுங்கள். ஏப்ரல், மே சீசனில் மண்டபமும் கிடைக்காது, வண்டியும் நகராது. சொந்தக் காரில் வரும் வெளியூர்ப் பேச்சாளரிடம் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பொன்னாடையும் தண்ணீர் பாட்டிலும் இந்த மாவட்டத்தில் ஆகாது.

சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். ஓரம் பிரிந்து ஈரம் ஏறினால் உள்ளுக்குள்ளேயே பூஞ்சை பூக்கும். தடித்த தாளில் அச்சிட்டு, கண்ணாடியில் தாள் ஒட்டாதபடி நடுவில் அட்டை மவுண்ட் வைத்து ஃபிரேம் போடுங்கள். பின்புறம் கீழ் இரண்டு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று போகும். பாராட்டுரையின் ஒரு நகலை நூலகக் கோப்பிலும் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் நூலகரிடம் யாராவது அதே புத்தகத்துக்காக வந்தால் எடுத்துக் காட்டலாம்.