வழிகாட்டியை மாற்றிப் பாருங்கள்

அருங்காட்சியகத்துக்குப் புது ஆட்கள் வரவேண்டும் என்றால் உடனே போஸ்டர், இலவச டிக்கெட் என்றுதான் யோசிக்கிறோம். அதற்கு முன்னால், சுற்றிக்காட்டுவது யார் என்று பாருங்கள்.

பெர்லினில் 2015-இல் ‘முல்தகா’ என்ற திட்டம் தொடங்கியது. சிரியா, ஈராக்கிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து, அரபு மொழியில் இலவசமாகச் சுற்றிக்காட்ட வைத்தார்கள். அங்குள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில், சிரியாவின் அலெப்போ நகர வணிகர் ஒருவரின் வீட்டுச் சுவரை அலங்கரித்த மரப்பலகைகள் இருக்கின்றன. 1600-களின் தொடக்கத்தில் வண்ணம் தீட்டியவை. அவற்றைப் பற்றி ஒரு சிரியாக்காரர் பேசினால், இன்னொரு சிரியாக்காரருக்கு அது சொந்த ஊர்ச் சமாச்சாரம்.

உங்கள் ஊர் அருங்காட்சியகத்திலும் இதைச் செய்யலாம். பொருள் எந்தச் சமூகத்திலிருந்து வந்ததோ, அங்கிருந்தே இரண்டு மூன்று பேரை அழையுங்கள். மனப்பாடம் செய்ய உரை எழுதிக் கொடுக்காதீர்கள். “இதை உங்கள் வீட்டில் யார் பயன்படுத்தினார்கள்?” என்பதுபோல் பார்வையாளரிடம் கேட்டே தொடங்கச் சொல்லுங்கள். அப்புறம், சம்பளம் கட்டாயம். ‘சேவை’ என்று சொல்லி ஓசியில் வேலை வாங்கினால் ஆள் தங்கமாட்டார். நடுவில் நாலு நாற்காலியும் போட்டு வையுங்கள். கதை அதிகம் வைத்திருக்கும் பெரியவர்களால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.